வயிற்றுக் கட்டி என்று சொன்ன மகனுக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனா போனது. நலம் இல்லாதபோது அப்படி எழுதுவது இந்த வீட்டில் நாம் பழகிக்கொண்ட பொய்களில் ஒன்று, அதனால் விட்டுவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா வசந்திக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. ஆவணியில் உன் கல்யாணம் முடிகிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது, டாக்டரிடமும் போகக் கூடாது என்று அவளாக முடிவு செய்து வைத்திருந்தாள். இப்போது ஆனி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ‘அக்காவுக்கு உடம்பு சரியில்லை’ என்பேன், நீ ‘என்ன செய்கிறது’ என்பாய், நான் ‘லேசாக ஒரு கட்டி’ என்பேன், எங்கே என்று நீ கேட்க மாட்டாய். நம் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். எழுதி அனுப்பினால் நீ படித்துத்தான் ஆக வேண்டும். இதை நீ வேறு யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. காட்டினால் சந்தோஷம்தான்.

சென்னைக்கு ஆராய்ச்சிக்குப் போன முதல் வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தாயே, அந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். திராட்சைத் தோட்டத்திலிருந்து உன் அப்பா வந்து உட்கார்ந்ததும், சொந்தக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது, ‘என்னத்தப் பத்திப்பா ஆராய்ச்சி’ என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், வசந்தியைப் பார்த்தாய், பிடரியைச் சொறிந்துகொண்டு, கட்டியைப் பற்றி என்றாய். எங்கே வருகிற கட்டி என்று அவர் விடாமல் கேட்டார். வயிற்றில் என்றாய். அவ்வளவுதான், அன்றிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கே நீ வயிற்று வைத்தியன். நீ லீவில் வந்தால் போதும், ஏப்பக்காரர்களும் நெஞ்செரிச்சல்காரர்களும் வாசலில் வந்து நிற்பார்கள். எதிர்வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கித் தொப்பையைக் காட்டி, தட்டிப் பார்க்கச் சொன்னார். நீயும் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தாய். நான் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தேன், பெருமையாகவும் இருந்தது. என் மகன் வயிற்றுக் கட்டிக்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறான் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடமும் சொல்லி வைத்தேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இதை நீ கற்றதே என்னிடம்தான். மூன்றாம் வகுப்பில் நம் உடல் என்று ஒரு பாடம் உண்டு. சுவரில் படத்தை மாட்டிக் குச்சியால் தொட்டுக் காட்டுவேன். தலை, கண், மூக்கு, கழுத்து, தோள், அடுத்தது வயிறு. குச்சி தோளிலிருந்து வயிற்றுக்குத் தாவிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான் தாவியிருக்கிறது. ஒரு பிள்ளைகூட நடுவில் என்ன இருக்கிறது டீச்சர் என்று கேட்டதில்லை. நீயும் அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான். பிறகு நீ வயிறு என்று சொன்னதில் என்ன ஆச்சரியம்.

தொண்ணூற்றாறில் எனக்கு ஒரு கட்டி வந்து, தேனியில் போய் எடுத்துக்கொண்டு வந்தது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கு வேனல் கட்டி என்று சொல்லி உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். அந்தக் கட்டி விரலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி நழுவி ஓடும். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சாதாரணக் கட்டி, கெடுதல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. தையல் பிரித்த அன்று அந்த டாக்டரம்மா, இனிமேல் எது தட்டுப்பட்டாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். படியிறங்குவதற்குள் நான் அதை மறந்துவிட்டேன். சாதாரணக் கட்டி என்ற சொல் மட்டும் நன்றாக மனதில் உட்கார்ந்துகொண்டது.

பத்து வருஷம் கழித்து அதே மார்பில், கொஞ்சம் மேலே, அக்குள் பக்கமாக இன்னொன்று தட்டுப்பட்டது. பழைய ஆள்தான் திரும்பி வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இது நழுவவில்லை, அழுத்தினால் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே தோல் லேசாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. குளிக்கும்போதெல்லாம் பார்க்கத்தான் செய்தேன். பார்த்துவிட்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வருஷப் பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு வசந்திக்குத் தலைப்பிரசவம், அது முடியட்டும் என்றேன். பிறகு திராட்சை வெட்டு. பெண்பிள்ளைகளுக்குக் காரணத்துக்கா பஞ்சம், காரணம் வாசலில் வரிசைகட்டி நிற்கும். உன்னிடம் கேட்கலாமா என்று ஒருநாள் நினைத்தேன். வயிற்றுக் கட்டிக்காரனிடம் போய் மார்பைப் பற்றி என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா என்று நூறு தடவை யோசித்துவிட்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்க மாட்டேன். ஆனால் நீ கட்டிலில் போட்டுவிட்டுப் போன புத்தகத்தையாவது எடுத்துப் புரட்டியிருப்பேன், படங்களையாவது பார்த்திருப்பேன். ஜாக்கெட்டில் கறை பட ஆரம்பித்த பிறகுதான் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், ‘பொம்பளைக சமாச்சாரம், உங்க அண்ணன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போ’ என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்று சாயந்திரம் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மதுரையில் அந்த வார்டில் நடந்ததை நாம் இதுவரை பேசியதே இல்லை. எனக்கு மார்பை எடுத்த மறுநாள். நீ ராத்திரி பஸ் பிடித்து வந்து என் கட்டிலின் கால்மாட்டில் நின்றாய். டாக்டர் வந்து, மகன் என்ன செய்கிறார் என்று விசாரித்தார். நீ பாதி முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். அவருக்கு ஒரே ஆச்சரியம், குரல் உயர்ந்துவிட்டது. மார்பில் வருகிற சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கட்டிக்கும் உள்ளே ஜீன்கள் எப்படி வேறுபடுகின்றன என்றுதானே உங்கள் ஆராய்ச்சி என்று தமிழிலேயே கேட்டார். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் திரும்பினார்கள். பிறகு என் பக்கம் குனிந்தார்.

‘ஏம்மா, வீட்டுக்குள்ளயே ஆள வச்சுக்கிட்டு இம்புட்டு நாள் கழிச்சு வந்திருக்கீகளே.’

நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். நீ குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாய். அந்த நிமிஷம் எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, சரவணா. ஊரில் உள்ளவர்கள் வயிற்றையெல்லாம் தட்டிப் பார்த்தவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று இருந்தது. அடுத்த நிமிஷமே, உன்னிடம் காட்டாமல் முந்தானையைப் போர்த்தியவள் யார் என்று தோன்றியது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம், அந்த மரியாதையில் அது வளர்ந்துவிட்டது.

ஆனால் அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நீ விளக்கிச் சொன்னாயே, அந்த ஒரு மத்தியான வேளைக்காக உன்னை நான் பெற்றதில் திருப்திதான். உடம்பில் எல்லா உயிரணுவுக்குள்ளும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது என்றாய். எல்லா வகுப்பிலும் ஒரே பாடப்புத்தகம், ஆனால் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தை உரக்கப் படிக்கிறார்கள் என்பதுதான் வேறுபடும், கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்பதுதான் என் வேலை அம்மா என்றாய். சாதாரணக் கட்டியில் சில பாடங்கள் கொஞ்சம் சத்தமாகக் கேட்கும், ஆனால் ‘போதும், நிறுத்து’ என்கிற பாடமும் கூடவே கேட்டுக்கொண்டிருக்கும். கெட்ட கட்டியில் அந்தப் பாடம் அடங்கிப்போய்விடும். பெருகு, வேலியைத் தாண்டு, வேறு இடத்தில் போய்க் குடியேறு என்கிற பாடங்கள் தொண்டை கிழியக் கேட்கும். இரண்டு கட்டியிலிருந்தும் அந்தச் சத்தங்களைப் பிரித்தெடுத்து, சாயம் ஏற்றி, ஒரு கண்ணாடித் துண்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக வைத்துப் பார்ப்போம், சில புள்ளி சிவப்பாக எரியும், சில பச்சையாக எரியும் என்றாய். நான் ஜீன் என்றால் அப்பன் ஆத்தாளிடமிருந்து வருகிற மூக்கு, நிறம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவள். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு நீ சொன்னது உடனே பிடிபட்டுவிட்டது.

அப்போது உன்னிடம் ஒன்று கேட்டேன். முதலில் வந்த சாதாரணக் கட்டிதான் கெட்டுப்போய் இப்படி ஆனதா என்று. பெரும்பாலும் அப்படி ஆவதில்லை, அது வேறு, இது வேறு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புள்ளிகள் வேறு வேறாக எரியும் என்றாய். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாய் போலிருக்கிறது. ஏமாற்றியது கட்டி இல்லை, நான்தான் என்று எனக்குப் பட்டது. வெட்டியெடுத்த சதையை உடனே உறைய வைக்காவிட்டால் உள்ளே இருக்கிற அந்தச் சத்தங்கள் கொஞ்ச நேரத்திலேயே அழிந்துவிடும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டப்பாவோடு காத்து நிற்போம் என்றும் சொன்னாய். என்னுடையதையும் எடுத்தாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, ‘அம்மாவோடத எப்படிம்மா’ என்றாய். மற்ற பெண்களுடையதில் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான் இருக்கும் என்றாய். அந்த நம்பர் ஒவ்வொன்றும் யாரோ ஒருவனுக்கு அம்மாதானே. அவர்கள் கொடுத்தார்கள், உன் சொந்த அம்மாவிடம் கேட்க உனக்கு நாக்கு வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அந்த மார்பில் பால் குடித்தவன் நீ, உனக்கு இல்லாததா.

மருந்து ஏற்ற ஆரம்பித்தால் முடி கொட்டும் என்றார்கள். ஊருக்கு என்ன சொல்வது என்று உன் மாமாவும் அப்பாவும் கூடிப் பேசினார்கள். பழனிக்கு முடி காணிக்கை என்று சொல்லிவிடலாம் என்று முடிவானது. நானும் சும்மா இருக்கவில்லை, பொய் சொன்ன பாவம் வேண்டாம் என்று முதல் ஊசிக்கு முன்னாலேயே பழனிக்குப் போய் நிஜமாகவே மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். சந்தனம் பூசிய தலையோடு தெருவில் நடந்தபோது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முருகனையும் இந்தப் பொய்யில் கூட்டுச் சேர்த்த குடும்பம் நம்முடையது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் முதுகு வலிக்கிறது.

இந்த மாசியில் பெரியகுளத்திலிருந்து பெண்வீட்டார் வந்தபோது நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. டீச்சருக்கு ஏதோ ஆபரேஷன் என்று கேள்விப்பட்டோம் என்று பெண்ணின் அப்பா நாசூக்காகக் கேட்டார். உன் மாமா, என் கூடப் பிறந்த அண்ணன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கர்ப்பப்பை என்றார். வந்திருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் எடுத்தவர்கள்தான். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஊருக்கு ஊர் நடக்கிறது. நான் உன்னைப் பார்த்தேன். நாலைந்து வருஷமாக இதையே படிக்கிறவன், இந்த நோயை மறைப்பதால்தான் பெண்கள் சாகிறார்கள் என்று மேடையில் பேசினேன் என்று போனில் சொன்னவன், நாற்காலியில் உட்கார்ந்தபடி நீயும் தலையாட்டினாய். காபித் தட்டை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன். உன் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தலையாட்டலை வசந்தியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வைகாசிக் கடைசியில் அவள் உத்தமபாளையத்திலிருந்து சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையை எப்போதும் வலது பக்கமே போட்டுப் பால் கொடுத்தாள். இடது பக்கம் பிள்ளை கை வைத்தால் முகம் சுளித்தாள். கேட்டேன். பால் கட்டியிருக்கிறது, அத்தை பத்துப் போட்டுவிடுகிறார் என்றாள். அவளுக்கு அத்தை எனக்கு மதினி, உன் மாமாவின் மனைவி. சொந்தத்துக்குள்ளேயே கொடுத்திருப்பதால் நல்லது கெட்டது வெளியே போகாது என்று சந்தோஷப்பட்டுத்தான் கொடுத்தோம். கதவைச் சாத்திவிட்டுப் பத்தைத் துடைத்துத் தொட்டுப் பார்த்தேன். என் விரல் என்ன சொன்னது என்று எழுதப் போவதில்லை, என் விரல்களை நான் இப்போது நம்புவதில்லை. நிஜமாகவே பால்கட்டாக இருக்கலாம். சாதாரணக் கட்டியாக இருக்கலாம், இந்த வயதில் வருவது பெரும்பாலும் அப்படித்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் ஊசி வைத்து எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்றும் நீதான் சொன்னாய். கிளம்பு, மதுரைக்குப் போவோம் என்றேன். அவள் கதவு பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

‘தம்பி கல்யாணம் முடியட்டும்மா. இப்பப் போனா ஊருக்கே தெரிஞ்சுரும். ஆத்தாளுக்கும் இருந்துச்சு, மகளுக்கும் இருக்குன்னா எவுக பொண்ணு குடுப்பாக? அதோட நாந்தான வந்து முடிச்சுப் போடணும்.’

மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள்தான் தாலிக்கு மூன்றாவது முடிச்சுப் போட வேண்டும், நாத்தனார் முடிச்சு. உனக்கு இருப்பது ஒரே அக்கா. அதற்குப் பட்டுப்புடவை எடுத்து, ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அளவு கொடுக்கும்போது தையல்காரி தொட்டுவிடாமல் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டேன் என்று அதையும் சாமர்த்தியமாகச் சொன்னாள். கொஞ்ச நாள் நானும் ஒத்துக்கொண்டேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆவணி பிறந்ததும் முடிந்துவிடும், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது என் பழைய பாட்டுத்தானே, ராகம்கூட மாறவில்லை என்று ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நேற்று நான் தனியாகப் பெரியகுளம் போனேன். உன் அப்பாவிடம் தேனியில் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொன்னேன், அதுதான் கடைசிப் பொய். பெண்ணின் அம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். தோட்டத்து மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தார். பெண் தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், அதுவும் நல்லதாகப் போயிற்று. நான் மாம்பழத்தைத் தொடாமல் சொன்னேன். எனக்கு எடுத்தது கர்ப்பப்பை இல்லை, மார்பு. புற்றுநோய். இப்போது முதுகெலும்புக்கும் வந்துவிட்டது, ஊரில் தேய்மானம் என்று சொல்கிறோம். என் மகளுக்கும் ஒரு கட்டி இருக்கிறது, என்னவென்று தெரியாது, திங்கட்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். அது ஒட்டும் வியாதி இல்லை. எல்லாக் குடும்பத்திலும் வழிவழியாக வருவதும் இல்லை, சில குடும்பங்களில் வரும், எங்களுடையது எப்படி என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். மறைத்துப் பெண் எடுக்க எனக்கு மனமில்லை என்றேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. ரொம்ப நேரம் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘இம்புட்டும் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்’ என்றார். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். குங்குமம் கொடுக்கவில்லை. புருஷனோடு வாழ்கிற ஒருத்தி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது குங்குமம் கொடுக்காமல் அனுப்பினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வராமல் நேராக உத்தமபாளையம் போனேன். மதினி மாவாட்டிக்கொண்டிருந்தார், வசந்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரியகுளத்தில் சொல்லிவிட்டு வந்த எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மதினி கிரைண்டரை நிறுத்தினார். ஊர் வாயில் விழுந்து எழுந்திரிக்க முடியாதபடி செய்துவிட்டீர்களே என்று கத்தினார். வசந்தி அழவில்லை, என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்புத்தான் இருந்தது.

‘தம்பி வாழ்க்கையக் கெடுத்துட்டியேம்மா. அவென் என்னைய மன்னிக்கவே மாட்டான்.’

‘அவென் மன்னிக்காம போனாப் போறான். அதுக்கும் நீ உசுரோட இருக்கணும்ல ஆத்தா.’

பிள்ளை சோற்றை இறைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பிறகு வசந்தி எழுந்து குழாயடிக்குப் போனாள். மறைப்புக்குள் நின்று, காய்ந்துபோன பத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. மதினி மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துண்டை எடுத்துப் போய் மறைப்புக்கு மேலே போட்டார். திரும்பி வந்து, திங்கட்கிழமை எந்த பஸ் என்று என்னிடம் கேட்டார். சின்னவளுக்கு நேற்று ராத்திரியிலிருந்து புட்டிப்பால் பழக்குகிறார்கள், குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறதாம்.

இனி உன் விஷயம். உன் கல்யாணத்தை நிறுத்தியவள் நான். நிறுத்தியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், வேறு மாதிரி பதில் வந்தால் அந்தப் பெண் நம் வீட்டுக்கு வரம். கோபப்படு. உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும், போனில் அவள் பேரைச் சொல்லும்போது உன் குரல் குழையும். கோபத்தில் ஒரு மாதம் என்னோடு பேசாமல்கூட இரு. ஆனால் அந்தக் கோபத்தோடேயே கிளம்பி வா. கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நீ அங்கே போய் நிற்காதே. உள்ளே வா. எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, வலி இருக்கிறதா என்று உன் அக்காவிடம் நீயே கேள். அவள் கூசுவாள், நீயும் கூசுவாய். பரவாயில்லை, கூசிக்கொண்டே கேள். முகம் தெரியாத பெண்களின் சதையைக் கையில் எடுத்துப் பார்க்கிறவன், கூடப் பிறந்தவளிடம் கேட்க முடியாதா. சாதாரணக் கட்டி என்று வந்தால் இன்னொரு பெண் பார்த்து, நல்ல நாள் பார்த்துக் கல்யாணம் செய்து வைக்கிறோம், முடிச்சுப் போட அவள் இருப்பாள். வேறு மாதிரி வந்தால், எனக்கு நேர்ந்ததுபோல் நேரம் கடந்து போயிருக்காது என்ற நம்பிக்கையில் வைத்தியம் பார். உனக்குத் தெரிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாசலில் போய் நில்.

என்னைப் பற்றி நீ கவலைப்படுவாய், வேண்டாம். போன மாதம் ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் உன்னைத் தனியாக அழைத்து என்ன சொன்னார் என்று நீ என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. திரும்பி வந்தபோது உன் முகத்தில் இருந்தது. எனக்கு மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, தூங்கினால் வலி தெரிவதில்லை, அதுபோதும். அடுத்த திராட்சை வெட்டை நான் பார்க்காமல் போனாலும் போவேன். அதற்கு நான் தயார்தான், நான் வாழ வேண்டிய அளவு வாழ்ந்துவிட்டேன் என்று பெரிய மனுஷி மாதிரி எழுத ஆசை, ஆனால் அது உண்மையில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சில நேரம் உன் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே பயம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பயம் எனக்கு வரவேண்டிய பயம், நியாயமான முறையில் வந்திருக்கிறது. வசந்தியைப் பற்றி வருகிற பயம் அப்படி இல்லை. நான் போய், நம் வீட்டில் பந்தல் போடுகிற அன்று என் தலைமாட்டில் உட்கார்ந்து என் மகள் வாய்விட்டு அழ வேண்டும், சரவணா. அவளுக்காக நான் அப்படி உட்காரும்படி வைத்துவிடாதே. திங்கட்கிழமை காலையில் வந்துவிடு.

உன் அம்மா